ஷெட்டுக்குள் சாமந்தி

அத்தியாயம் 5

"குந்தும்மா" என்று தங்கபுஷ்பம் இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

"வாணாங்க்கா. குந்துனா அழுதுடுவேன். நின்னுகினே சொல்லிட்றேன்" என்றாள் ஜஹானாரா.

ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு டீக்கடையின் தலைக்கு மேல் இருந்தது புஷ்பம் துப்பறியும் நிலையம். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, கீழேயிருந்து படியேறி வரும் போண்டா வாசனை. துறைமுக வாசலில் பெண்களைச் சோதனை போட்டு அனுப்பும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் தங்கபுஷ்பம். யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்கு உதவியாள், ஆட்டோ டிரைவர், வாய் மூன்றுமே டில்லிபாபுதான். அதில் வாய் மட்டும் கொஞ்சம் அதிகப்படி.

"எம்புள்ள ஜீஷான் வூட்டுக்கு வூடு அலாரம் மாட்டறவன்க்கா" என்று ஜஹானாரா ஆரம்பித்தாள். "திருவொத்தியூர்ல ராமசுப்புன்னு ஒருத்தரு, போட்டு எஞ்சின் மெக்கானிக்கு. அவரு வூட்டுக்கு மொதல்ல மாட்டுனான். அப்பறம் சந்துக்கு அந்தாண்ட கீற ஷெட்டுக்கும் அதே அலாரத்த நீட்டிக் குட்த்தான். புதன்கெயம ஷெட்லேர்ந்து ஒரு எஞ்சின் காணாப் பூட்ச்சி. அலாரம் கூவவே இல்ல. மாட்டுனவனுக்குத்தானே அது வாய எப்டி மூடறதுன்னு தெரியும், அதனால அவன்தான் எட்த்தான்னு..."

மேலே சொல்ல முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. நேற்று வெள்ளிக்கிழமை. தண்டையார்பேட்டையில் இவர்கள் தெருவில் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம். ராமசுப்பு நட்டநடுத் தெருவில் நின்று, "இந்த வூட்ல கீறவன் திருடன்!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். யாரோ அதைப் போனில் பிடித்து ஏரியா குரூப்பில் போட்டுவிட்டான். ராத்திரியிலிருந்தே ஜீஷானுக்குப் போன் வந்தபடி இருக்கிறது. அலாரம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர்கள் எல்லாம், 'தம்பி, இனிமே நீ வராதப்பா' என்கிறார்கள். அடுத்தவன் வீட்டுக்குள் போய் வேலை செய்து பிழைக்கிறவனுக்குத் திருடன் என்று பேர் விழுந்தால் அதோடு கதை முடிந்தது.

"இன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள எஞ்சின் வரலேன்னா ஆளுங்கள இட்டுகினு வருவாராம்க்கா."

தங்கபுஷ்பம் தன் முதல் கேள்வியைக் கேட்டாள். "உன் புள்ள எடுத்தானா?"

ஜஹானாரா தலையைக் குனிந்துகொண்டாள். "நீ கேட்டது தப்பில்லக்கா. நானே கேட்டுட்டேன். பெத்த புள்ள மூஞ்சப் பாத்து, எடுத்தியாடான்னு கேட்டுட்டேன். அவன் ஒண்ணியும் சொல்லல. செவுத்துப் பக்கம் திரும்பிப் பட்த்துகினான். அந்த வெக்கம் என்னக் கொல்லுதுக்கா."

கீழே நின்ற ஆட்டோவில் ஜீஷான் உட்கார்ந்திருந்தான். தலையில் ஹெல்மெட்.

"யக்கா, ஆட்டோவுல ஹெல்மெட்டு போட்டுகினு குந்திகிறான் பாரு. இந்த ரூல எப்ப போட்டாங்க?" என்றான் டில்லிபாபு. ஹெல்மெட் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தவன், இருந்த சிரிப்பை அப்படியே முழுங்கினான். பையன் முகத்தை மறைப்பதற்காகப் போட்டிருக்கிறான் என்று புரிந்ததும் டில்லிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேசாமல் வண்டியைக் கிளப்பினான். ஜஹானாராவை வீட்டில் இறக்கிவிட்டு, மூன்று பேரும் திருவொற்றியூருக்குப் போனார்கள்.

ராமசுப்பு ஆள் பெரிய உருவம். கிரீஸ் ஏறிக் கறுத்த கைகள். சந்துக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஷட்டர் போட்ட தகர ஷெட். ஜீஷானைப் பார்த்ததும், "எங்க வந்த? மிச்சத்தையும் வாரிகினு போவவா?" என்று ஆரம்பித்தார்.

"அலாரம் எப்டி வேல செய்யுதுன்னு பாக்கணும். அவ்ளதான்" என்றாள் தங்கபுஷ்பம். "உங்க எஞ்சின்தானே தேடறோம். வாணாம்னா சொல்லுங்க, போய்ட்றோம்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முனகிக்கொண்டே நகர்ந்தார்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜீஷான் விளக்கினான். "வூட்லேர்ந்து ஷெட்டுக்கு சிக்னல் எட்டல. மேல தகரம். தகரம் சிக்னல முயிங்கிடும். அதான் வூட்டு ஜன்னல்ல ஒரு டப்பா வெச்சேன். ஷட்டர்ல கீற சென்சார் சொல்றத இது வாங்கி, உள்ள கீற மெயினுக்குச் சொல்லும்."

"எங்க தெருவுல அந்த வேலய எங்க பெரிம்மா பாக்குது. கரண்டு கூட வாணாம்" என்றான் டில்லிபாபு.

ஷட்டரை ஒரு சாண் தூக்கியதும் வீட்டுக்குள்ளிருந்து சைரன் ஊரைக் கூட்டியது. ராமசுப்பு இடுப்பிலிருந்த ரிமோட்டை அமுக்கி அடக்கினார். மறுபடி தூக்கினார்கள், மறுபடி கூவியது. சாமானில் ஒரு குறையும் இல்லை.

"அப்ப அன்னிக்கு ஏன் கூவல?"

"அத்த அவனக் கேளு!"

"ரிமோட்ல நீங்க ஆஃப் பண்ணிட்டீங்களோ?"

"நானா? நான் இன்னாத்துக்கு ஆஃப் பண்றேன்?" பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

ஷட்டர் பூட்டில் கீறல் இல்லை. சாவி எங்கே என்று கேட்டபோது, அடுப்படி ஆணியில் மாட்டியபடி இருப்பதைக் காட்டினார். அன்றைக்கும் ஆணியில்தான் இருந்ததாம். "இவன் டூப்ளிகேட் போட்டிருப்பான்" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு இளைஞன் டீ கொண்டுவந்தான். ராமசுப்புவின் ஒரே மகன் பாரி, எண்ணூரில் காண்ட்ராக்ட் வேலை. தாய் இறந்து வெகுநாளாகிறது. வீட்டில் அப்பனும் பிள்ளையும் மட்டும்தான். ஜீஷானும் பாரியும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். அலாரம் வேலையை வாங்கிக் கொடுத்ததே பாரிதான். ஆனால் டீ டம்ளரை ஜீஷானிடம் நீட்டும்போது அவன் கண் தரையை விட்டு எழவில்லை. ஜீஷானும் டீயை வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே டம்ளர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு டில்லிபாபு அதை வாங்கிக் குடித்தான்.

தங்கபுஷ்பம் ஷெட்டுக்குள் போனாள். எஞ்சின் மாட்டும் மரச் சட்டம் ஒன்று காலியாக இருந்தது. சட்டத்தின் மேலும் சுவரிலும் புது நீலப் பெயிண்ட் தெறித்திருந்தது. அவள் குனிந்து சட்டத்துக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். காய்ந்துபோன சாமந்தி. ஒன்றல்ல, நாலைந்து. காம்போடு முழுசு முழுசாக.

"பூஜ போட்டீங்களா?"

"எங்க வூட்ல பூ வாங்க ஆள் ஏது?" என்றார் ராமசுப்பு. சுவரிலிருந்த முருகன் படத்தில் பிளாஸ்டிக் மாலைதான் தொங்கியது.

தங்கபுஷ்பம் பூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "ஸ்டேஷன்ல இன்னா சொன்னாங்க?"

"எந்த ஸ்டேஷன்ல?"

"எஞ்சின் காணோம்னு எழுதிக் குடுத்திருப்பீங்களே?"

ராமசுப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம புள்ளைங்கதானே. போலீசு கீலீசுன்னு எதுக்குப் பேஜாரு? பேசித் தீத்துக்கலாம்னு..."

"நைனாவுக்கு இன்னா ஒரு தங்கமான மனசு!" என்றான் டில்லிபாபு. "ஸ்டேஷனுக்குப் போனா பையன் பேரு கெட்டுடும்னு, தெருவுல நின்னு மட்டும் கத்திகிறாரு."

"எஞ்சின் நம்பராவது சொல்லுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"யாருக்கு நெனப்பு கீது?"

"யார் ரிப்பேருக்கு விட்டது?"

"எவனும் வுடல. என்னுது. என் சொந்த எஞ்சின். போதுமா? பொழுது சாயட்டும், அவன் வூட்டாண்ட வந்து பேசிக்கறேன்!"

சொந்தப் படகு இல்லாதவனுக்குச் சொந்த எஞ்சின் எதற்கு என்று டில்லிபாபு வாயைத் திறக்கப் போனான். தங்கபுஷ்பம் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

சந்து முனையில் ஓர் அம்மாள் குடை நிழலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் கால் கிலோ சங்கரா கேட்டாள். எந்தத் தெருவிலும் விசாரணையை மீன்காரியிடம்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அரிகிற வரைக்கும் நிற்கலாம், நிற்கிற வரைக்கும் பேசலாம்.

"அந்த அலாரம் கூவி நீ கேட்டிருக்கியாம்மா?"

அம்மாள் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "கேக்கறியா அந்தக் கூத்த? ஷெட்டுக்கு அத்த மாட்டுன புதுசுல நம்ம தெருவுல ஒரு சாவு. நல்ல மனுசன், ஊரே கூட வந்துச்சி. மேளம் இன்னா, வெடி இன்னா! பொணம் கரீட்டா ஷெட்டாண்ட வர சொல்லோ, வெடிச் சத்தத்துக்கு ஷட்டரு கிடுகிடுன்னு ஆடிச்சி. இது 'ஊய்ங்'னு புட்ச்சிகிச்சி. தூக்குனவங்க அப்டியே எறக்கி வெச்சிட்டாங்க. 'எங்கப்பன் இன்னா திருடனா? அவரு போவ சொல்லோ அலாரம் அடிக்கறியா?'ன்னு புள்ளைங்க சண்டைக்கு வந்துட்டானுங்க. ராமசுப்பு பொணத்தோட கால்ல வுயிந்து மன்னிப்பு கேட்டாரு. மனுசன் கூனிக் குறுகிப் பூட்டாரு, பாவம்."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, மேளச் சத்தம் தெருமுனைல கேட்டாலே ரிமோட்ட அமுக்கி ஆஃப் பண்ணிட்றாரு. தெருவுக்கே தெரியுமே."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஜீஷானின் குரல் வந்தது. "வூட்டுக்குத் தனியா, ஷெட்டுக்குத் தனியா வெச்சிக்கலாம் நைனான்னு சொன்னேன். ரெண்டு பட்டன்லாம் எவன் அமுக்கறது, ஒரே பட்டனா போடுன்னாரு. எல்லாமே சேந்து ஆஃப் ஆயிடும்."

"புதன்கிழமை சாவு ஏதாவது போச்சா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"போச்சே. மத்தியானம். பொணம் வர சொல்லோ நாங்க எல்லாரும் கதவ சாத்திக்குவோம். அது தாண்டுனப்பறம் தண்ணி ஊத்தக் கதவத் தொறந்தேன். பின்னாடியே பூ மூட்டைய வெச்சிகினு ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டி போச்சி. அதான் கடேசி."

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். "பின்னாடியா?"

"ஆமா."

"டில்லி, சாவுல பூவ எங்க போடுவாங்க?"

"முன்னாடிதான் யக்கா. பூவு மேலதான் பொணம் போவணும். போனப்பறம் பூவப் போட்டா யாரு பாக்கறது, ரோடா?" என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "ஐயோ!"

தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம். அலாரமும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். மேளத்தில் ஷட்டர் தூக்குகிற சத்தம் யார் காதில் விழப்போகிறது? எஞ்சினை வண்டியில் ஏற்றி மேலே பூவைக் கொட்டிவிட்டால், சாவு வண்டியை நிறுத்தி என்ன ஏற்றியிருக்கிறாய் என்று கேட்க எவனுக்கும் நாக்கு வராது. கொட்டும்போது சிந்தியதுதான் சட்டத்துக்கடியில் கிடந்த சாமந்தி.

"வண்டி ஓட்டுனவன் யாரு?"

"மூஞ்சில துண்டு கட்டிகினு இருந்தான். சுடுகாடு அப்டிகா, வண்டி இப்டிகா வடக்கால போச்சி. மிஞ்சுன பூவ கோயிலுக்குக் குடுக்கப் போறான் போலன்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பம் அரிந்த மீனை வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டாள். "வியாழக்கிழமையிலேர்ந்து வடக்க எந்தக் குப்பத்துலயாவது, சும்மா கெடந்த போட்டு ஏதாச்சும் புதுசா கடல்ல எறங்கிச்சாம்மா?"

மீன் விற்கிறவளுக்கு அதைச் சொல்ல யோசனை வேண்டியதில்லை. "நெட்டுக்குப்பத்துக் கார்குழலி போட்டு. புருசன் செத்ததுலேர்ந்து மண்ணுலதான் கெடந்துச்சி. நேத்து அவ தம்பி எறா கொண்டாந்தான். நான்தான் வாங்குனேன்."

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டில்லிபாபு அவற்றுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓட்டினான்.

நெட்டுக்குப்பத்து மணலில் அந்தப் படகு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பின்னால் நீலப் பெயிண்ட் அடித்த எஞ்சின். பக்கத்தில் வலை அவிழ்த்துக்கொண்டிருந்த கார்குழலி, ஆட்களைப் பார்த்ததும் எழுந்து எஞ்சினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா வேணும்?"

தங்கபுஷ்பம் பதில் சொல்லாமல் எஞ்சின் மூடியின் இடுக்கில் விரலை விட்டாள். ஒரு சாமந்தி இதழ் வந்தது. "எஞ்சினுக்குப் பூவெல்லாம் போட்டு எடுத்துகினு வந்திருக்காங்க" என்றாள்.

"இது என் எஞ்சினு!" கார்குழலியின் குரல் உடைந்தது. மூடியைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். நீலம் அங்கே ஏறவில்லை. பழைய சாம்பல் நிறத்தில் ஆணியால் கீறி எழுதியிருந்தது: மதி. "எங்க பொண்ணு பேரு. எம்புருசன் கீறுனது. அவரு ரிப்பேருக்கு வுட்டுட்டு வந்தாரு, அடுத்த வாரமே நெஞ்சு வலில பூட்டாரு. நான் போய்க் கேட்டா, அது கண்டமாயிடுச்சி, இரும்புக் கடைக்குத்தான் ஆவும்னு சொல்லி ராமசுப்பு எதோ கையில குடுத்து அனுப்பிட்டாரு. நானும் நம்பி வாங்கிகினு வந்துட்டேன். பாத்தா அத்த ரெடி பண்ணி, கலரு அட்ச்சி, விக்க வெச்சிகிறாரு."

"உனக்கு யார் கொண்டாந்து குடுத்தது?"

அவள் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்க. சரியா?" என்றாள் தங்கபுஷ்பம். "அந்தச் சத்தியத்துக்கு இன்னொரு வூட்டுப் புள்ள பலியாயிகினு கீறான். அதோ நிக்கறான் பாரு, ஹெல்மெட்டு. உன் எஞ்சினத் திருடுனவன்னு அவனத்தான் ஊர் சொல்லுது."

கார்குழலி அவனைப் பார்த்தாள். மூடியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்குத் தெரியாதுமா. மதி மேல சத்தியமாத் தெரியாது. ராமசுப்பு மவன் பாரிதான். 'உங்க எஞ்சின் உங்க வூட்டுக்கு வந்துட்ச்சிக்கா, நான் குட்த்தத மட்டும் வெளில சொல்லாதீங்க, எங்கப்பா பேரு கெட்டுடும்'ன்னு அழுதுகினே சொன்னான். அதான்..."

ஜீஷான் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "பாரியா?" என்றான். "நேத்து அவரு கத்த சொல்லோ பாரி பக்கத்துலதான்க்கா நின்னுகினு இருந்தான்."

யாராலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டில்லிபாபுதான் கேட்டான். "யக்கா, ஒண்ணு மட்டும் இடிக்குது. மவன் எட்த்தான், சரி. அப்பன் பட்டன அமுக்கிட்டு அமுக்கலேன்னு ஏன் சாதிக்கறாரு? இவன் மேல ஏன் பாயறாரு?"

"பூட்ட ஒடைக்காம எஞ்சின எடுத்துட்டு, திரும்பப் பூட்டி, சாவியப் பழையபடி அடுப்படி ஆணியில மாட்டிட்டுப் போற திருடன் எந்த ஊர்ல கீறான்? வூட்ல கீறதே ரெண்டு பேரு. அவரு அன்னிக்கே கண்டுபுடிச்சிருப்பாரு. வண்டிய திருப்பு."

தண்டையார்பேட்டைத் தெருவுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ராமசுப்பு முன்னமே ஆட்களோடு வந்துவிட்டார். பாரியும் இருந்தான். ஜஹானாரா வாசற்படியில் கதவுக்கு முன்னால் நின்றாள். இரண்டு பக்கமும் ஜனம்.

தங்கபுஷ்பம் ராமசுப்புவை மட்டும் ஆட்டோவுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள்.

"எஞ்சின எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவர் மறுக்கத்தான் பார்த்தார். அவள் 'சாவி' என்று ஒரு வார்த்தை சொன்னதும் அத்தனை பெரிய உடம்பு ஆட்டோ மேல் சாய்ந்தது.

"ஒத்தப் புள்ளமா. தாயில்லாம வளத்தேன். குடிக்கறதுக்கு எட்த்தானோ, சூதாட்றதுக்கு எட்த்தானோ, தெரியல. எம்மவன் திருடன்னு தெரிஞ்சா நான் எப்டி அந்தத் தெருவுல நடப்பேன்? எஞ்சின் எங்கன்னு எல்லாம் கேட்டாங்க. வாயில இந்தப் பையன் பேரு வந்துட்ச்சி. வந்தத திருப்பி வாங்க முடியல."

"உங்க புள்ளையக் கேட்டீங்களா, எதுக்கு எடுத்தன்னு?"

"கேக்க வெக்கமா இருந்துச்சி."

"கேட்டிருக்கலாம். அவன் விக்கல. நெட்டுக்குப்பத்துல அதச் சொந்தக்காரி கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டான்."

ராமசுப்பு நிமிர்ந்து பார்த்தார். மகன் திருடன் என்று மூன்று நாளாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, அப்பன் திருடன் என்று மகன் அதற்கும் முன்னாலிருந்தே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் கேட்காமலே இருந்திருக்கிறார்கள். அப்பன் வெட்கம் ஒன்று, பிள்ளை வெட்கம் ஒன்று, இரண்டையும் மூடி மறைக்க மூன்றாம் வீட்டுப் பிள்ளை கிடைத்தான்.

"அந்தப் பையன் கிட்ட சொல்லிட்றேன்மா" என்றார். "உள்ள வரச் சொல்லு. வூட்டுக்குள்ள வெச்சி கால்ல வேணா வுயுறேன்."

"நேத்து வூட்டுக்குள்ளயா கத்துனீங்க?"

அவர் தெருவுக்கு நடுவில் வந்து நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். வாய் திறந்தது, மூடியது. கூட வந்தவர்களில் ஒருவன், "இன்னா நைனா, உள்ள பூந்து இழுத்துகினு வரவா?" என்றான்.

"வாணாம்!" என்று கத்தினான் பாரி. "ஜீஷான் எடுக்கல. நான் எட்த்தேன். எங்கப்பா எஞ்சின நான்தான் திருடுனேன்."

கூட வந்தவனே பாரியின் சட்டையைப் பிடித்தான். "பெத்த அப்பன் வூட்லயே கை வெச்சிட்டு, அடுத்தவன மாட்டி வுட்டியாடா நாயே!" ஓர் அறை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பாரி கையைத் தூக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. அடியை வாங்கிக்கொண்டால் அப்பா பேர் தப்பித்துவிடும் என்று நினைத்துவிட்டான், மடப்பயல்.

ராமசுப்பு பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. தங்கபுஷ்பம் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் நின்றாள். மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது ராமசுப்பு நடுவில் போய் விழுந்தார்.

"அடிக்காதீங்கடா! அவன் திருடல. அவன் திருப்பிக் குட்த்தான். திருடுனது நானு. புருசன் செத்தவ எஞ்சினக் கண்டம்னு பொய் சொல்லி நான் வெச்சிகினேன். ஜீஷான் மேல பயியப் போட்டதும் நான்தான்."

நேற்று வீடியோ எடுத்தவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். 'இனிமே வராத தம்பி' என்று சொன்ன ஒருவர் கூட்டத்தின் பின்பக்கமாக நழுவினார்.

ஜஹானாரா படியிலிருந்து இறங்கி வந்தாள். "சத்தமா சொல்லுங்கண்ணே" என்றாள். "நேத்து தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சி. இன்னிக்கி எனக்கே கேக்கல."

"நான்தான் திருடன்" என்றார் ராமசுப்பு.

"இன்னும் சத்தமா."

"நான்தான் திருடன்!"

"எம்புள்ளய எத்தினி தபா சொன்னீங்க? அத்தினி தபா சொல்லுங்க."

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். குரல் பிசிறியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கிவந்த ஜீஷான், தாயின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"போதும்மா, வுடு" என்றான், தலையைக் குனிந்தபடி. "எனக்கு வெக்கமா கீது. அவரு பாரியோட அப்பாம்மா."